ரெசஷன் வந்தால் மாநில அரசு பாண்டு என்ன ஆகும், என் சம்பளம் என்ன ஆகும்?

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். வயது 56, பழைய ஓய்வூதியத் திட்டம். கணவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். வங்கியில் போட்ட 12 லட்சம் ரூபாய் டெபாசிட் அடுத்த மாதம் முதிர்வடைகிறது. வீட்டுக் கடன் பாக்கி 7 லட்சம், வட்டி 8.5 சதவீதம், தவணை 14,500 ரூபாய். தவணையோடு சேர்த்து மாதச் செலவு 55,000 ஆகிறது. அந்த 12 லட்சத்தைத் தமிழ்நாடு அரசு பாண்டில் (அரசு கடன் வாங்க வெளியிடும் பத்திரம்) போடலாம் என்று பார்க்கிறேன். "9 லட்சம் கோடிக்கு மேல் கடன் வைத்திருக்கிற அரசாங்கம், ரெசஷன் வந்தால் உனக்கு எங்கே திருப்பித் தரப்போகிறது?" என்கிறார் கணவர். அப்படி ஒரு காலம் வந்தால் பாண்டு, சம்பளம், வரி எல்லாம் என்ன ஆகும்? நான் என்ன செய்யட்டும்?

பதில்: பாண்டுப் பணம் திரும்பி வரும், சகோதரி. ரெசஷன் என்கிற பொருளாதார மந்த காலத்தில் அடி விழும் இடம் உங்கள் சம்பளப் பட்டியல். கணவருடைய பயத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் அவர் காட்டும் இடம் வேறு.

மாநில அரசால் ரூபாய் அச்சடிக்க முடியாது. கடன் வாங்கவும் உச்சவரம்பு உண்டு. வழக்கமாக மாநில உற்பத்தி மதிப்பில் 3 சதவீதத்தை ஒட்டித்தான் ஒரு வருடத்துக்கு வாங்கலாம். கொரோனா வருடமான 2020-21-ல் மத்திய அரசு இதை 5 சதவீதமாக உயர்த்தியது. கூடுதலாகக் கொடுத்த 2 சதவீதத்தில் பெரும்பகுதிக்கு நிபந்தனை போட்டது. வரி வருமானம் சரிந்தாலும் சம்பளம், பென்ஷன், பழைய கடனுக்கு வட்டி எதுவும் குறையாது. அப்போது வேலைகளைக் குறைப்பது போக, மாநிலத்தின் கையில் இருப்பது மூன்று வழி: இன்னும் கடன் வாங்குவது, கொடுக்க வேண்டியதைத் தள்ளிப்போடுவது, தன் பிடியில் உள்ள சில வரிகளை ஏற்றுவது. 2020-ல் தமிழ்நாடு மூன்றையும் செய்தது.

முதலில் கடன். மாநில அரசு பாண்டுகளை ஏலம் விடுவது ரிசர்வ் வங்கி. மாநிலத்தின் கணக்கும் அங்கேதான் இருக்கிறது. வட்டி நாள் வந்தால் அந்தக் கணக்கிலிருந்து பணம் எடுத்து, பாண்டு வைத்திருப்பவருக்குப் போய்விடும். நெருக்கடியில் மாநிலங்கள் அதிக வட்டி கொடுக்க நேரும். 2020 ஏப்ரலில் கேரளம் 15 வருடக் கடனை 8.96 சதவீதத்துக்கு வாங்கியது. அந்த நிலையிலும் பாண்டுக்காரருக்குத் தவணை தவறவில்லை.

2025-26 பட்ஜெட் மதிப்பீட்டின்படி 2026 மார்ச் இறுதியில் தமிழ்நாட்டின் கடன் சுமார் 9.29 லட்சம் கோடி ரூபாய். கேட்டால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் அது மாநில உற்பத்தி மதிப்பில் 26.07 சதவீதம். பார்க்க வேண்டியது அந்தச் சதவீதத்தைத்தான்.

தள்ளிப்போடும் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நீங்களே அனுபவித்ததுதான், ஆனால் மொத்தமாகக் கூட்டிப் பார்த்திருக்க மாட்டீர்கள். மத்திய அரசு 2020 ஏப்ரலில் அகவிலைப்படி (டி.ஏ.) உயர்வை நிறுத்தி வைத்தது. சில நாட்களில் தமிழ்நாடும் அதையே செய்தது. 2020 ஜனவரியிலிருந்து 18 மாதம் டி.ஏ. 17 சதவீதத்திலேயே நின்றது. மத்திய அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 31 சதவீதம் கிடைத்தது. தமிழ்நாட்டில் அது 2022 ஜனவரியில்தான் வந்தது.

அப்போது உங்கள் அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நிறுத்தாமல் இருந்திருந்தால் முதல் ஆறு மாதம் 4 சதவீதமும், அடுத்த ஆறு மாதம் 7 சதவீதமும், அதற்கடுத்த ஆறு மாதம் 11 சதவீதமும் கூடியிருக்கும். அந்த 18 மாதத்தில் மட்டும் 79,200 ரூபாய். பிந்தி வந்த ஆறு மாதத்துக்கு 14 சதவீதக் கணக்கில் 50,400. ஆக 1,29,600 ரூபாய். இதற்கு அரியர் வரவில்லை.

அப்புறம் சரண்டர். வருடத்துக்கு 15 நாள் ஈட்டிய விடுப்பை ஒப்படைத்துப் பணம் வாங்கும் வசதியை அதே ஏப்ரலில் ஒரு வருடத்துக்கு என்று சொல்லி நிறுத்தினார்கள். திரும்ப வந்தது 2025 அக்டோபரில். அதே அடிப்படைச் சம்பளத்தில் வருடத்துக்கு 35,000 ரூபாய்க்குக் குறையாத தொகை அது. சரண்டர் பணத்தை நம்பிப் பள்ளிக் கட்டணம், சீட்டு, நகைக்கடன் என்று கணக்குப் போட்டு வைத்திருந்த குடும்பங்கள் திணறிப்போயின. ஓய்வு வயதும் 2020 மே மாதம் 58-லிருந்து 59 ஆகி, 2021-ல் 60 ஆனது. ஊழியருக்கு இரண்டு வருடச் சம்பளம் கூடுதல், நல்லதுதான். ஆனால் ஓய்வுப் பணத்தை வைத்து மகள் கல்யாணம் என்று நாள் குறித்திருந்தவர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

சம்பளத்திலேயே கை வைப்பார்களா என்றால், தமிழ்நாட்டில் அப்போது வைக்கவில்லை. தெலங்கானாவில் 2020 மார்ச் மாதச் சம்பளத்தில் பெரும்பாலான ஊழியர்களுக்குப் பாதியை நிறுத்தி வைத்தார்கள். கேரளத்தில் மாதம் ஆறு நாள் சம்பளம் என்று ஐந்து மாதத்துக்குப் பிடித்தார்கள். ஆகவே நடக்கவே நடக்காது என்று நான் சொல்ல மாட்டேன்.

வரி விஷயம் எளிது. வருமான வரி மத்திய அரசுடையது. மாநிலப் பிடியில் உள்ள தொழில் வரியை வருடம் 2,500 ரூபாய்க்கு மேல் ஏற்ற அரசியல் சட்டமே இடம் தரவில்லை. ஜி.எஸ்.டி. விகிதத்தையும் தனி மாநிலம் மாற்ற முடியாது. மிச்சம் இருப்பது பெட்ரோல், டீசல், மது, பத்திரப் பதிவு, வாகன வரி. 2020 மே மாதம் தமிழ்நாட்டில் பெட்ரோல் மீதான வரி லிட்டருக்கு 3.25 ரூபாயும் டீசலுக்கு 2.50 ரூபாயும் ஏறியது. அடுத்த வருடமே பெட்ரோலில் 3 ரூபாய் குறைத்தார்கள். 2022-ல் நகர்ப்புறச் சொத்து வரி, வீட்டின் அளவைப் பொறுத்து 25 முதல் 150 சதவீதம் வரை கூடியது.

எனக்கு மனத்தாங்கல் இங்கேதான். வேலை போனவனும் டீசல் விலையில் அதே வரியைத்தான் கட்டுகிறான். மந்தத்தில் எல்லாரும் செலவைச் சுருக்கும்போது அரசும் சாலை, கட்டட வேலைகளைக் குறைத்தால் உங்கள் கணவருடைய பட்டறைக்கு வரும் ஆர்டரும் குறையும். அந்த நேரத்தில் மாநிலங்கள் தாராளமாகக் கடன் வாங்கிச் செலவு செய்ய மத்திய அரசு அனுமதிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அரசின் கடன் எண்ணைப் பார்த்துப் பயந்தே பழகிவிட்டோம். செலவு நின்றால் யார் வயிற்றில் அடிக்கும் என்று யோசிப்பதில்லை.

சரி, 12 லட்சத்துக்கு வருவோம். உங்கள் வீட்டுக்கு வரும் இரண்டு வருமானமும் மந்தத்தில் ஒரே நேரத்தில் இறுகும். அதனால் 5 லட்சத்தை மூன்று, நான்கு டெபாசிட்டாகப் பிரித்து, வேண்டும்போது உடைக்கும்படி வங்கியிலேயே வையுங்கள். 4 லட்சத்தை வீட்டுக் கடனில் கட்டிவிடுங்கள். மாறும் வட்டிக் கடன் என்றால் முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் கிடையாது. தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். ஓய்வுக்குப் பிறகும் இழுக்க இருந்த கடன் இரண்டு வருடத்துக்குள் முடிந்துவிடும்.

மீதி 3 லட்சத்தையும் இப்போது பாண்டில் போட வேண்டாம். பாண்டு வட்டி உங்கள் வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும், 7.2 சதவீத வட்டி 20 சதவீத வரி வரம்பில் 5.8 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். உங்கள் சம்பளத்தில் பிடிக்கும் சேமநல நிதியான ஜி.பி.எஃப். கொடுப்பது 7.1 சதவீதம். வருடச் சந்தா 5 லட்சத்துக்குள் இருக்கும்வரை அந்த வட்டிக்கு வரி இல்லை. ஆகவே சந்தாவை மாதம் 10,000 ரூபாய் உயர்த்திவிட்டு, வீட்டுச் செலவில் விழும் துண்டை இந்த 3 லட்சத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வுக்குப் பிறகு வரி வரம்பு இறங்கும்போது ரிசர்வ் வங்கியின் ரீடெய்ல் டைரக்ட் கணக்கில் 10,000 ரூபாயிலிருந்தே பாண்டு வாங்கலாம்.

பவர்ஃபின் போன்ற மாநில அரசு நிறுவன டெபாசிட்டையும் யாராவது சிபாரிசு செய்வார்கள். அது அரசே வாங்கும் கடன் அல்ல; அந்தப் பணம் போய்ச் சேருவது மின்வாரியத்துக்கு. வங்கி டெபாசிட்டுக்கு உள்ள 5 லட்சம் ரூபாய் காப்பீடும் அதற்குக் கிடையாது. போட்டால் சிறு தொகையோடு நிறுத்துங்கள்.

சரண்டர், டி.ஏ. உயர்வு இரண்டையும் எந்தத் தவணைக்கும் ஆதாரமாக வைக்காதீர்கள். வந்த மாதம் அப்படியே கடனில் கட்டுங்கள். ஜி.பி.எஃப். சந்தாவை உயர்த்தும் விண்ணப்பத்தை, டெபாசிட் முதிர்வதற்கு முன்பே பள்ளி அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.