எபிரெயர் ஆறாம் அதிகாரம்: தாண்டிப் போய்விடலாமா?

கேள்வி: வியாழன்தோறும் எங்கள் வீட்டில் வேதபாடம் நடத்துகிறேன். எபிரெயர் நிருபத்தில் அடுத்த வாரம் 6:4-6 வருகிறது. விசுவாசத்தை மறுதலித்துப்போனவர்களை மறுபடியும் புதுப்பிக்கிறது ‘கூடாதகாரியம்’ என்கிறதே! இரட்சிப்பை இழந்துபோகலாம் என்று பாதிப் பேர், முடியவே முடியாது என்று மீதிப் பேர், இப்போதே முறைத்துக்கொள்கிறார்கள். அதை விட்டுவிட்டு ஏழாம் அதிகாரத்துக்குப் போய்விடலாமா?
- ஒரு சகோதரி, நாகர்கோவில்

பதில்: போகாதீர்கள், சகோதரி. நீங்கள் தாண்டினால் அன்றிரவே யாராவது யூடியூபில் தேடுவார்கள். அங்கே கிடைக்கிற சரக்கு உங்களுக்கே தெரியும்.

இந்த வழக்கை நீங்கள் தீர்த்துவைக்க வேண்டியதில்லை. மெய்யாகவே விசுவாசித்தவனும் விழுந்துபோகலாம் என்று வெஸ்லி வழிவந்தவர்கள் வாசித்தார்கள். நாலாம் வசனம் சொல்கிறபடி ‘பரம ஈவை ருசிபார்த்தவன்’ எல்லாம் மறுபடி பிறந்தவன் இல்லை என்றார்கள் கால்வின் வழிவந்தவர்கள். 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது வெஸ்லி வழி மெதடிஸ்டுகளும் கால்வின் வழி பிரெஸ்பிட்டேரியன்களும் இந்த வேறுபாட்டோடுதான் ஒரே கூரைக்குள் வந்தார்கள். வியாழக்கிழமை ஒரு மணி நேரத்தில் நீங்கள் முடித்துவைப்பீர்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

5:11 முதல் 6:12 வரை சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். மூன்று வசனங்களை மட்டும் பிய்த்தெடுக்க விடாதீர்கள். ஒன்பதாம் வசனத்தில் தொனியே மாறுகிறது: “பிரியமானவர்களே, நாங்கள் இப்படிச் சொன்னாலும், நன்மையானவைகளும் இரட்சிப்புக்குரியவைகளுமான காரியங்கள் உங்களிடத்தில் உண்டாயிருக்கிறதென்று நம்பியிருக்கிறோம்.” அப்புறம் 10:32-34-ஐத் திருப்பச் சொல்லுங்கள். இந்த நிருபத்தைப் பெற்றவர்கள் நிந்தைப்பட்டு, ஆஸ்தியைப் பறிகொடுத்தவர்கள். களைத்துப்போய்ப் பின்வாங்கப் பார்க்கிறவர்களைப் பிடித்து நிறுத்தத்தான் இத்தனை கடுமை.

வாக்குவாதம் வந்தால் வரட்டும். எதிராளி சொன்னதை, அவரே “ஆமா, அதைத்தான் சொன்னேன்” என்று தலையாட்டும்படி திருப்பிச் சொன்னபிறகே யாரும் மறுத்துப் பேசலாம் என்று சொல்லிவிடுங்கள். பாதிச் சூடு அங்கேயே தணிந்துவிடும்.

எனக்குக் கவலை உங்கள் குழுவைப் பற்றி இல்லை, இந்த வசனத்தை வைத்துப் பிழைக்கிறவர்களைப் பற்றி. “எங்கள் சபையை விட்டுப் போனாயா, எபிரெயர் ஆறு உனக்குத்தான்” என்று மிரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தசமபாகத்தை நிறுத்தின வீட்டுக்கும் இதே வசனம்தான். கிறிஸ்துவை விட்டுப் போவதும் ஒரு பாஸ்டரை விட்டுப் போவதும் ஒன்றா? அடுத்து, ‘ஆழமான சத்தியம்’ செமினார்காரர்கள். முதல் நாள் இலவசமாகப் பயமுறுத்துவார்கள். இரண்டாம் நாள் அந்தப் பயத்துக்கு மருந்தாகப் புத்தகம், விடுதலை ஜெபம், காணிக்கைக் கவர். குழுவில் யாராவது அந்த ஆடியோவை ஓடவிட்டால் அணைத்துவிடச் சொல்லுங்கள். விளக்கவுரை வேதாகமத்தின் அடிக்குறிப்பை வசனம் மாதிரி வாசிக்கிறவர் ஒருவர் எல்லாக் குழுவிலும் உண்டு. “அது குறிப்பு அண்ணாச்சி, வசனம் மேலே இருக்கு” என்று மரியாதையாகச் சொல்லலாம்.

மிரட்டல் புதிதும் இல்லை. கி.பி. 250-ல் தேசியஸ் பேரரசன் காலத்து உபத்திரவத்தில் பயந்து ரோமத் தெய்வங்களுக்குப் பலியிட்ட கிறிஸ்தவர்கள் பலர் பிறகு மனம்வருந்தித் திரும்பி வந்தார்கள். சேர்க்கவே கூடாது என்று ரோமில் நொவாத்தியன் தனிச்சபை கண்டார். அவர் வழிவந்தவர்கள் இந்த வசனத்தைத்தான் நீட்டினார்கள். திருச்சபை அவர்கள் பக்கம் போகவில்லை. தவக்கட்டுப்பாடு விதித்து, வந்தவர்களைச் சேர்த்துக்கொண்டது.

ஒரே ஒருவருக்கு மட்டும் இந்த விவாத முறை ஆகாது. “எனக்குத்தான் இது எழுதியிருக்கு, எனக்கு மன்னிப்பே இல்லை” என்று நடுங்குகிறவர். விவாதத்தில் வாயே திறக்கமாட்டார், செருப்பு மாட்டுகிற நேரத்தில் மெதுவாகக் கேட்பார். அவரிடம் வெஸ்லி, கால்வின் பேசாதீர்கள். குழுவின் முன்னால் சாட்சி சொல்ல வைக்காதீர்கள். உபவாசம் போடச் சொல்லவே சொல்லாதீர்கள். தனியாக உட்காரவைத்து, மனந்திரும்ப ஏங்குகிறவரைப் பற்றி அல்ல இந்த வசனம் என்று சொல்லுங்கள். அடுத்த வாரமும் அதையே கேட்பார், அதற்கடுத்த வாரமும் கேட்பார், சலிக்காமல் சொல்லுங்கள். சாப்பாடு, தூக்கம் கெட்டு, ஒரே நினைப்பு ஓயாமல் சுற்றிவந்தால் மனநல மருத்துவரிடம் நீங்களே கூட்டிப் போங்கள். ஜெபித்தால் போதும் என்று நாள் கடத்துகிறவர்களைக் கேட்காதீர்கள். பேய் என்று சொல்லி எண்ணெய் பூச வருகிறவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

இதையெல்லாம் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியது திருமண்டலம். திருமண்டலத் தேர்தல் என்றால் வீடு தேடி வருகிறார்கள், வேன் வைத்து அழைத்துப் போகிறார்கள். வேதபாடம் நடத்துகிறவர்களுக்கோ எப்போதாவது ஒரு அரைநாள் பயிற்சி, அதிலும் பாதி வரவேற்புரையும் பொன்னாடையும். உங்கள் ஆயர் படிக்கிறவராக இருந்தால் செவ்வாய்க்கிழமையே போய்ப் பாருங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நிறுத்திக் கேட்டால் அரை நிமிடப் பதில்தான் கிடைக்கும்.

தீராத கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 10:26-க்கு வரும்போது இதே சண்டை மறுபடி வரும்.