வோல்டேஜைக் குறைக்கலாமா? கணினி கேள்வி பதில்

கேள்வி: கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன் சார். ரைசன் 7 5800எக்ஸ் பிராசஸர், நல்ல டவர் கூலர் போட்டிருக்கிறேன். வெயில் காலத்தில் ரெண்டர் (எடிட் செய்ததை ஒரே வீடியோ கோப்பாக்குவது) போட்டால் 90 டிகிரியில் போய் நிற்கிறது. ஃபேன் சத்தத்தில் பக்கத்து அறையில் தூங்கும் குழந்தை எழுந்துவிடுகிறது. பிராசஸரின் வோல்டேஜைக் குறைத்தால் எல்லாம் சரியாகும் என்கிறார் நண்பர். செய்யலாமா? பிராசஸர் போய்விடாதா? (வாசகர், வேலூர்)

போகாது. வோல்டேஜை ஏற்றினால்தான் சிப்புக்கு ஆபத்து. இறக்கினால் சிஸ்டம் தொங்கும், ரீஸ்டார்ட் ஆகும், அல்லது சத்தமில்லாமல் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு ஓடிக்கொண்டே இருக்கும். இந்த மூன்றாவதுதான் உங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய தலைவலி. ரெண்டர் ஆன கோப்பில் நடுவில் நாலு ஃப்ரேம் கெட்டிருந்தால் அதைப் பெண் வீட்டார்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள். அதனால் பரிசோதனை முடியும்வரை வாடிக்கையாளர் வேலை எதையும் அந்த மெஷினில் தொடாதீர்கள்.

முதலில் கேபினெட்டைத் திறந்து பாருங்கள். கூலர் தகடுகளில் தூசி அடைத்திருந்தாலோ, தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்காகிவிட்டிருந்தாலோ, பயாஸில் (விண்டோஸ் தொடங்குமுன் திறக்கும் மதர்போர்டின் செட்டிங் திரை) என்ன செய்தாலும் வீண். எங்கள் கடைக்குச் சூடு என்று வரும் மெஷின்களில் பாதிக்குமேல் ப்ளோவரும் புது பேஸ்ட்டும் போட்டதோடு திரும்பிப் போகின்றன. உங்களுடையது சுத்தமாக இருந்தும் 90 என்றால் மேலே படியுங்கள்.

ஒரே சிலிக்கான் தகட்டில் வெட்டிய இரண்டு சிப்புகள்கூட ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒன்று 1.20 வோல்ட்டில் செய்கிற வேலைக்கு இன்னொன்று 1.28 கேட்கும். கம்பெனி ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து நுணுக்கமாக அளவெடுக்க முடியாது. மட்டமான மதர்போர்டில், காற்றோட்டமில்லாத அறையில், பல வருடம் ஓடித் தேய்ந்த பிறகும் தொங்கக் கூடாது என்று கணக்குப் போட்டுக் கொஞ்சம் கூடுதலாகவே வோல்டேஜ் வைத்து அனுப்புகிறது. வளருகிற பிள்ளைக்கு ஒரு சைஸ் பெரிதாகச் சீருடை எடுக்கிற மாதிரிதான். நாம் பிடித்துத் தைக்கப்போவது அந்தக் கூடுதலை மட்டும்.

லாபம் ஏன் பெரிதாக இருக்கிறது என்றால், ஒரே வேகத்தில் ஓடும் சிப் தின்னும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். 1.30 வோல்ட்டை 1.20 ஆக்கினால் வோல்டேஜில் குறைவது 8 சதவீதத்துக்கும் கீழே. மின்சாரத்தில் குறைவது சுமார் 15 சதவீதம். வேகத்தைத் தொடாமலே.

சரி, இதைச் செய்தால் உங்கள் 90 டிகிரி இறங்கிவிடுமா? இங்கேதான் நண்பர் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. வோல்டேஜை மட்டும் குறைத்தால் உங்கள் சிப்பில் அநேகமாகச் சூடு குறையாது. ரைசன் 5000 வரிசை, மிச்சமாகும் மின்சாரத்தை உங்களுக்குத் திருப்பித் தராது. அதையும் வேகமாக மாற்றிக்கொள்ளும். 5800எக்ஸுக்கு ஏ.எம்.டி. வைத்திருக்கும் மின் வரம்பு 142 வாட், வெப்ப வரம்பு 90 டிகிரி. இந்த இரண்டில் ஒன்று இடிக்கும்வரை அது ஓட்டத்தைக் கூட்டிக்கொண்டே போகும். எட்டு கோர்களும் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்) ஒரே சின்னச் சில்லில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பதால் அந்த வெப்பத்தைக் கூலர் உறிஞ்சுவதும் கஷ்டம். அதனால் வோல்டேஜைக் குறைத்துவிட்டுப் பார்த்தால், ரெண்டர் கொஞ்சம் சீக்கிரம் முடிந்திருக்கும், மீட்டர் மட்டும் பழையபடி 90 காட்டும். இது வேலை செய்யவில்லை என்று நினைத்துப் பலர் மறுபடி மறுபடி குறைத்துக்கொண்டே போவது இந்த இடத்தில்தான்.

ஆகவே முதலில் மின் வரம்பைக் குறையுங்கள். பயாஸில் ப்ரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ் என்ற பகுதிக்குள் போனால் பி.பி.டி. என்று ஒரு எண் இருக்கும். 142க்குப் பதில் 105 போடுங்கள். இதுவே போதும் என்று பலர் இங்கேயே நின்றுவிடலாம். இன்னும் அமைதி வேண்டுமென்றால் எக்கோ மோட் இருக்கிறது. அது 88 வாட்டில் நிறுத்தும். எட்டு கோரும் சேர்ந்து ஓடும் ரெண்டரில் வேகம் கொஞ்சம் குறையும். டைம்லைனில் வெட்டி ஒட்டும்போது வித்தியாசம் தெரியாது.

அப்புறம் வோல்டேஜ். அதே பகுதியில் கர்வ் ஆப்டிமைசர் இருக்கும். ஆல் கோர்ஸ், நெகட்டிவ், 10 என்று கொடுங்கள். ஒரு எண்ணுக்கு 3 முதல் 5 மில்லிவோல்ட் குறையும். மின் வரம்பால் இழந்த வேகத்தில் ஒரு பகுதி இதனால் திரும்பி வரும். 10 நிலையாக இருந்தால் 15. என் வாடிக்கையாளர்களுக்கு நான் அதற்குமேல் போவதில்லை. யூடியூபில் எல்லோரும் 30 போட்டுக் காட்டுகிறார்களே என்பீர்கள். வீடியோ எடுத்து முடிக்கும்வரை மெஷின் தொங்காமல் இருந்தால் அவர்களுக்குப் போதும்.

ஒரு மாணவர் அப்படி எல்லாக் கோருக்கும் 30 போட்ட 5800எக்ஸைக் கொண்டுவந்தார். பிராசஸரை முழுச் சுமையில் ஓட்டி மதிப்பெண் தரும் சினிபெஞ்ச் சோதனை அரை மணி நேரம் அசையாமல் ஓடியது. கேம் ஓடியது. ராத்திரி ஒரு டவுன்லோடைப் போட்டுவிட்டுத் தூங்கினால் மட்டும் காலையில் ரீஸ்டார்ட் ஆகியிருக்கும். எஸ்.எம்.பி.எஸ். (பவர் சப்ளை) போய்விட்டது என்று யாரோ சொல்லிப் புதிதும் வாங்கிவிட்டார். பாவம், அதில் ஒரு குறையும் இல்லை. முழுச் சுமையில் எல்லாக் கோர்களும் மின் வரம்பில் இடித்து, சுமாரான வேகத்தில் ஓடும். அங்கே வோல்டேஜ் தாராளம். மெஷின் சும்மா இருக்கும்போதுதான், ஏதோ ஒரு சின்ன வேலைக்காக ஒரே ஒரு கோர் சட்டென்று எழுந்து 4.7 கிகாஹெர்ட்ஸுக்கும் மேலே தாவும். அந்த உச்சியில்தான் நீங்கள் குறைத்த வோல்டேஜ் பற்றாமல் போகும். ஆகவே இந்தச் சோதனையைச் சும்மா இருக்கும் மெஷினில் செய்ய வேண்டும். கோர்சைக்ளர் என்ற இலவச மென்பொருள் ஒவ்வொரு கோராக எழுப்பி ஓட்டிப் பார்க்கும். அதை ஒரு இரவு முழுக்க விடுங்கள். மறுநாள் இரவு எதுவுமே ஓட்டாமல் மெஷினை ஆனில் வையுங்கள்.

காலையில் விண்டோஸ் பிழைகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து ஹியா-லாகர் (WHEA-Logger) என்ற பெயரில் ஏதாவது பதிவு இருக்கிறதா பாருங்கள். இருந்தால், மெஷின் தொங்காவிட்டாலும் சோதனை தோல்விதான். அதில் ஏ.பி.ஐ.சி. ஐ.டி. என்று ஒரு எண் தரும். உங்கள் சிப்பில் அதை இரண்டால் வகுத்து மீதியை விட்டால் தடுமாறிய கோரின் எண் வரும். உதாரணத்துக்கு 7 என்றால் மூன்றாம் கோர். எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அந்தக் கோருக்கு மட்டும் நெகட்டிவ் எண்ணில் 5 குறைத்து, அதாவது 15 என்றால் 10 என்று போடலாம். பெரும்பாலும் மாட்டுவது ஏ.எம்.டி.யின் ரைசன் மாஸ்டர் மென்பொருளில் நட்சத்திரக் குறி போட்ட கோராகத்தான் இருக்கும். நல்ல கோராயிற்றே என்று கேட்காதீர்கள். நல்லது என்பதாலேயே கம்பெனி அதை ஏற்கெனவே இழுத்துக் கட்டி வைத்திருக்கிறது. அதில் கூடுதல் துணி குறைவு.

பயாஸில் போட்டுவிட்டு மெஷின் டிஸ்ப்ளேயே வரவில்லை என்றால் பதற வேண்டாம். பவர் கேபிளைப் பிடுங்கி, மதர்போர்டில் இருக்கும் சீமாஸ் பேட்டரியைக் கழற்றி, சில நிமிடம் கழித்துப் போட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும். வாரன்டி விஷயம்: அந்த மெனுவுக்குள் நுழையும்போதே ஒரு எச்சரிக்கைத் திரை வரும். அதை ஏற்றுக்கொண்டு உள்ளே போவது உங்கள் பொறுப்பு.

கேள்வி: இதனால் கரன்ட் பில் எவ்வளவு குறையும்? (அதே வாசகர்)

142 இல்லாமல் 105 என்றால் 37 வாட் மிச்சம். தினமும் 6 மணி நேரம் ரெண்டர் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 13 யூனிட். நீங்கள் 500 யூனிட் விளிம்பில் நிற்கும் வீடு என்றால் அந்த 13 முக்கியம். தாண்டினால் ஸ்லாப் கணக்கே மாறிவிடும். மற்றவர்கள் டீச் செலவில் எழுதிக்கொள்ளலாம். சும்மா இருக்கும் நேரத்தில் பெரிதாக எதுவும் குறையாது. அப்போது மின்சாரம் தின்பதில் கோர்களைவிட அவற்றுக்குப் பக்கத்தில் இருந்து மெமரியோடும் மற்ற பாகங்களோடும் பேசும் ஐ.ஓ. சில்லுக்கே பங்கு அதிகம். கர்வ் ஆப்டிமைசர் அதைத் தொடுவதில்லை.

கேள்வி: என்னிடம் இன்டெல் ஐ5 12400, பி660 போர்டு. பிராசஸரின் வோல்டேஜைக் குறைக்க லைட் லோட் என்ற செட்டிங்கைக் குறைத்தேன். சூடு நன்றாக இறங்கிவிட்டது. இவ்வளவு சுலபமா? (வாசகர், கோயம்புத்தூர்)

சினிபெஞ்ச் மதிப்பெண்ணை முன்னும் பின்னும் ஒப்பிட்டீர்களா? சூட்டோடு அதுவும் இறங்கியிருந்தால் நீங்கள் சாதித்தது ஒன்றுமில்லை. 12ஆம் தலைமுறையில் சி.இ.பி. என்றொரு காவல் இருக்கிறது. வோல்டேஜ் எதிர்பார்த்ததைவிடக் கீழே போனால் அது கடிகாரத் துடிப்பை இழுத்து நீட்டிவிடும். திரையில் அதே கிகாஹெர்ட்ஸ் தெரியும். நிஜ ஓட்டம் குறைந்திருக்கும். ஹெச்.டபிள்யூ இன்ஃபோ (HWiNFO) என்ற மென்பொருளில் எஃபெக்டிவ் கிளாக் என்ற வரியைப் பாருங்கள், குட்டு உடைந்துவிடும். மதிப்பெண் விழத் தொடங்கும் படிக்கு ஒரு படி மேலே நிறுத்துங்கள். 12400 முழுமூச்சில் ஓடினாலே 117 வாட்தான். இதற்காகப் பெரிதாக மெனக்கெட வேண்டாம்.

கேள்வி: ஐ9 13900கே அடிக்கடி கேமில் க்ராஷ் ஆகிறது. வோல்டேஜ் அதிகம் போவதுதான் காரணம் என்று படித்தேன். குறைத்துவிடலாமா? (வாசகர், சென்னை)

படித்தது சரி, வைத்தியம் தப்பு. 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள் தேவைக்குமேல் வோல்டேஜ் கேட்டுத் தேய்ந்துபோகின்றன என்று 2024இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்காதபடி மைக்ரோகோட் (பயாஸ் அப்டேட்டோடு வரும், சிப்பின் உள் கட்டளைத் திருத்தம்) வெளியிட்டது. செப்டம்பரில் அடுத்ததும் வந்தது. ஆனால் தேய்ந்த சிப்புக்கு அதே வேகத்தில் ஓட முன்பைவிட அதிக வோல்டேஜ் தேவைப்படும். நீங்கள் குறைத்தால் க்ராஷ் கூடும். தேய்ந்ததை பயாஸ் அப்டேட்டும் மீட்காது. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரன்டியை இரண்டு வருடம் நீட்டித்திருக்கிறார்கள். பில்லைத் தேடி எடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். புது சிப் வந்ததும் முதல் வேலை பயாஸ் அப்டேட். வோல்டேஜைக் குறைக்கும் ஆசையெல்லாம் அதற்கப்புறம்.

கேள்வி: என் லேப்டாப்பில் முன்பு வேலை செய்த வோல்டேஜ் செட்டிங், பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு மங்கிக் கிடக்கிறது. ஏன்? (வாசகர், காரைக்குடி)

2019 டிசம்பரில் பர்மிங்ஹாம், கிராட்ஸ், லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிளன்டர்வோல்ட் என்ற ஓட்டையை வெளியிட்டார்கள். மென்பொருள் வழியாக வோல்டேஜை வேண்டுமென்றே குறைத்து, சிப்பைத் தப்புக் கணக்குப் போட வைத்து, இன்டெல்லின் பாதுகாப்புப் பெட்டகத்துக்குள் இருக்கும் ரகசியச் சாவியை உருவலாம் என்று காட்டினார்கள். அதற்குப் பிறகு அந்த வழியை அடைத்துவிட்டார்கள். பழைய பயாஸுக்குத் திரும்பினால் ஒருவேளை கிடைக்கும். ஓட்டையும் சேர்ந்து கிடைக்கும். விண்டோஸ் பவர் ஆப்ஷனில் மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்டை 99 சதவீதமாக்கிப் பாருங்கள். டர்போ நின்று சூடு நன்றாக இறங்கும், வேகமும் இறங்கும். எழுத்து வேலைக்கும் பிரவுசருக்கும் அது போதும்.