ஊட்டிக் குளிரில் இருந்தும், அடிக்கடி முகம் கழுவியும் பரு ஏன் போகவில்லை?

ஊட்டியில் படிக்கிறீர்கள், வியர்வையே கிடையாது, ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை சோப்புப் போட்டும் பரு குறையவில்லை, முகத்திலிருக்கும் கிருமியை அடியோடு ஒழிக்க என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கோத்தகிரியில் மெடிக்கல் வைத்திருக்கிறேன். "ஒழுங்கா மூஞ்சி கழுவினா இது வருமா?" என்று வீட்டில் திட்டு வாங்கிவிட்டு, தலையைக் குனிந்தபடி கடைக்கு வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். பருவுக்குக் காரணம் அழுக்கு இல்லை.

நீங்கள் ஒழிக்க நினைக்கும் பாக்டீரியாவின் பெயர் கூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ். பருவே வராதவர்கள் முகத்திலும் அது இருக்கிறது. தோலில் சுரக்கும் சீபம் என்ற எண்ணெய்தான் அதற்குச் சாப்பாடு. அந்த எண்ணெயை உடைத்துக் கொழுப்பு அமிலமாக்கி, வேறு கெட்ட கிருமிகள் தோலில் குடியேறாமல் தடுக்கவும் அது உதவுகிறது.

பிரச்சினை தொடங்குவது எண்ணெய் வெளியேற வழியில்லாமல் போகும்போது. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன் கூடுகிறது, எண்ணெய்ச் சுரப்பி பெரிதாகிறது, சீபம் அதிகமாகச் சுரக்கிறது. அதே சமயம் மயிர்க்காலின் வாயில் இறந்த செல்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டு அடைத்துவிடுகின்றன. உள்ளே எண்ணெய் தேங்குகிறது, காற்றுப் போவதில்லை. இந்த பாக்டீரியாவுக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. அங்கே அது பெருக, உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதோடு மோத, சிவந்து வீங்கிச் சீழ் வைக்கிறது. அதன் எல்லா வகைகளும் ஒரே மாதிரி இல்லை. சில வகைகள்தான் அழற்சியை அதிகம் தூண்டுகின்றன. இவ்வளவும் தோலுக்கு அடியில் நடக்கிறது, சோப்பு அங்கே எட்டாது. மூக்கில் இருக்கும் கரும்புள்ளிகூட அழுக்கு இல்லை. தோலுக்கு நிறம் தரும் மெலனினும் காற்றுப்பட்டு மாறிய எண்ணெயும்தான்.

சுரப்பியை நடத்துவது ஹார்மோன் என்பதால் மலைக்குளிர் அதை நிறுத்திவிடாது. சோப்பும் பனிக்காற்றும் சேர்ந்து முகம் வெடிக்கும், உடனே தேங்காய் எண்ணெய் தடவுவோம். பரு வரும் முகத்தில் அது அடைப்பைக் கூட்டலாம். நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கும் நீலகிரித் தைலத்தைத் தயவுசெய்து பருமேல் வைக்காதீர்கள். தோல் எரிந்து கருமை தங்கிவிடலாம்.

சரி, என்ன செய்யலாம்? மென்மையான ஃபேஸ்வாஷ், காலையும் இரவும் மட்டும். பென்சாயில் பெராக்ஸைடு 2.5% என்ற பூசும் மருந்து பாக்டீரியாவைக் குறைக்கும், தலையணை உறையை வெளுக்கவும் செய்யும். அடாபலீன் என்ற இன்னொரு பூசும் மருந்து அடைப்பைத் தடுக்கும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது. எதுவானாலும் டாக்டரிடம் கேட்டுத் தொடங்குங்கள். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும், முதலில் கொஞ்சம் வறட்சி இருக்கும், அதைப் பார்த்துப் பாதியில் விடாதீர்கள். ஆன்டிபயாடிக் கிரீமை மட்டும் மாதக்கணக்கில் போட்டால் பாக்டீரியா அதற்குப் பழகிவிடும்.

நான் ரொம்பப் பயப்படுவது தோழி சொன்னாள், அண்ணன் போட்டான் என்று கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கிரீம்களுக்குத்தான். பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று அட்டையில் இருந்தால் முகத்தில் போடாதீர்கள். முதலில் சிவப்பு அடங்கும். அப்புறம் தோல் மெலிந்து, முன்னைவிட மோசமாகப் பரு கிளம்பும். டாக்டர் சீட்டு இல்லாமல் யார் கேட்டாலும் நான் கொடுப்பதில்லை.

ஆழமான, வலிக்கிற கட்டிகள் இருந்தால் கிள்ளாமல், தழும்பு விழுவதற்கு முன்பே தோல் மருத்துவரைப் பாருங்கள்.