ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பலாமா?

மேனுவல் கியர் காரை மேட்டிலும் இறக்கத்திலும் நிறுத்துவது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு வாசலே சரிவுதான். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு முதல் கியரிலும் போட்டு வைக்கிறேன். "கியரில் நிறுத்தினால் பல் தேயும், அப்புறம் ஹேண்ட் பிரேக் எதற்கு?" என்கிறார் மாமா. யார் சொல்வது சரி? (குன்னூர்)

நீங்கள் செய்வதுதான் சரி. மாமாவுக்குக் கணக்குப் போட்டே காட்டிவிடலாம். ஆளும் சாமானுமாக உங்கள் கார் 1300 கிலோ என்று வையுங்கள். பத்தடி போனால் ஓரடி உயரும் சரிவில் அதைக் கீழே இழுக்கும் விசை சுமார் 130 கிலோ எடைக்குச் சமம். சக்கரத்தில் அது ஏறக்குறைய 370 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. முதல் கியரும், இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலும் சேர்ந்து சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் இடையே சுமார் 14 மடங்கு விகிதத்தைத் தருகின்றன. ஆக, எஞ்சின் பக்கம் வந்து சேர்வது 26 நியூட்டன் மீட்டர்தான். ஒரு 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் ஓடும்போது அதே பற்களின் வழியாக 110 வரைக்கும் தள்ளுகிறது. அதில் தேயாத பல் இதில் தேயாது.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. ஐந்தாம் கியரில் அந்த விகிதம் மூன்றரைக்கும் கீழே இறங்கிவிடும். அப்போது எஞ்சின் மேல் நூறு நியூட்டன் மீட்டருக்கும் மேல் விழும். அணைந்து நிற்கும் எஞ்சின் தாங்காமல் சுழன்றுவிடும். அவசரத்தில் ஏதோ ஒரு கியரில் தள்ளிவிட்டு இறங்குவது கியர் போடாததற்குச் சமம்.

கியர் மட்டும் போதுமா என்றால், போதாது. அணைந்த எஞ்சின் பூட்டு அல்ல. சிலிண்டருக்குள் அடைபட்ட காற்று பிஸ்டனை எதிர்த்து நிற்பதால்தான் வண்டி நிற்கிறது. அந்தக் காற்று பிஸ்டன் ரிங் ஓரமாகவும் வால்வு ஓரமாகவும் மெல்லக் கசியும். ஒரு சிலிண்டரில் காற்று தீர்ந்ததும், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் அரைச் சுற்று சுழன்று அடுத்த சிலிண்டரில் முட்டி நிற்கும். நான்கு சிலிண்டர் காரில் அப்படி ஒவ்வொரு முறையும் வண்டி ஆறேழு சென்டிமீட்டர் நகரும். லட்சம் கிலோமீட்டர் தாண்டி, ரிங் தேய்ந்த எஞ்சினில் இது வேகமாக நடக்கும். இரவு நிறுத்திய இடத்திலிருந்து காலையில் வண்டி ஒரு சாண் தள்ளி நின்றால் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை, கியர்தான் விட்டு விட்டுத் தாங்கியிருக்கிறது என்று பொருள்.

எந்தக் கியர் என்றால், மூக்கு மேட்டைப் பார்த்து நின்றால் முதல் கியர், பள்ளத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ். இரண்டின் விகிதமும் ஏறக்குறைய ஒன்றுதான். தாங்கும் பலத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. வேறொரு காரணம் இருக்கிறது. யாராவது கிளட்சை மிதிக்காமல் சாவியைத் திருப்பிவிட்டால் வண்டி மேட்டை நோக்கித்தான் குதிக்கும். ஒரு துள்ளலில் அடங்கிவிடும். பள்ளத்தைப் பார்த்த வண்டி முதல் கியரில் குதித்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

செய்கிற வரிசையும் முக்கியம். கால் பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்துங்கள். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள். ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுங்கள். இப்போது கால் பிரேக்கை மெல்ல விடுங்கள். வண்டி ஒரு விரற்கடை அசைந்து ஹேண்ட் பிரேக்கில் உட்கார வேண்டும். அதற்கு மேல் நகர்ந்தால் ஹேண்ட் பிரேக்குக்கு வேலை வந்துவிட்டது. அந்தச் சரிவில் வண்டியை விட்டுப் போகாதீர்கள். உட்கார்ந்துவிட்டால் மறுபடி கால் பிரேக்கை மிதித்து, எஞ்சினை அணைத்து, கியரைப் போட்டு, கிளட்சை விட்டு, கடைசியாகக் கால் பிரேக்கை விடுங்கள். முதலிலேயே கியரைப் போட்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டால், தாங்குவது ஹேண்ட் பிரேக்கா எஞ்சினா என்றே தெரியாது. தினமும் இப்படி நியூட்ரலில் ஒரு நொடி உட்கார வைத்துப் பார்ப்பது செலவில்லாத பரிசோதனை.

மாமா சட்டம் பேசுகிறவர் என்றால், மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 126-ஐக் காட்டுங்கள். பொது இடத்தில் ஓட்டுநர் இருக்கையில் ஆள் இல்லாமல் வண்டி நிற்க வேண்டுமானால், எஞ்சினை நிறுத்தி பிரேக் போட்டிருக்க வேண்டும், அல்லது வண்டி தானாக நகராதபடி வேறு ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்கிறது அது.

கேள்வி: சரிவில் நிறுத்தும்போது ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் ஒடிக்க வேண்டும்? இணையத்தில் பார்த்தால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் சொல்கிறார்கள். (கொடைக்கானல்)

வலப்பக்கமாக ஓட்டும் நாடுகளுக்குச் சொன்னதை அப்படியே எடுத்துப் போடுவதால் வரும் குழப்பம் இது. நாம் இடப்பக்கம் ஓட்டி இடப்பக்கம் நிறுத்துகிறவர்கள். நம் கணக்கு இப்படி.

ஓரத்தில் நடைபாதைக் கல் இருக்கிறது, மூக்கு பள்ளத்தைப் பார்க்கிறது என்றால் இடப்பக்கம், அதாவது கல்லை நோக்கி ஒடியுங்கள். உருண்டால் முன் டயர் கல்லில் முட்டி நிற்கும். மூக்கு மேட்டைப் பார்த்தால் வலப்பக்கம் ஒடியுங்கள். பின்னால் உருளும்போது முன் இடது டயரின் பின்பகுதி கல்லில் போய் முட்டும். இரண்டிலும் ஒடித்துவிட்டு அப்படியே விடாமல், பிரேக்கைத் தளர்த்தி டயர் கல்லை ஒட்டும்வரை வண்டியை மெல்ல நகர விடுங்கள். ஒரு முழம் இடைவெளி இருந்தால் அந்த ஒரு முழத்தில் வண்டி வேகம் எடுத்துக்கொண்டு கல்லில் ஏறிவிடும்.

கல்லே இல்லாத ஓரத்தில் மேட்டைப் பார்த்து நிறுத்தினால் வலப்பக்கம் ஒடிக்கக் கூடாது. ஒடித்தால் வண்டியின் பின்புறம் சாலைக்குக் குறுக்கே போகும். கல் இல்லையென்றால் மூக்கு எங்கே பார்த்தாலும் இடப்பக்கம்தான். வண்டி சாலையை விட்டு ஓரத்துக்கு இறங்கும்.

மலைப்பாதையில் இதற்கும் விலக்கு உண்டு. நம் மலைச் சாலைகளில் பெரும்பாலும் நடைபாதைக் கல் கிடையாது. மலைப்பக்கம் மழைநீர் வடிகால் இருக்கும், மறுபக்கம் கிடுகிடு பள்ளம். ஏறும்போது நம் இடப்பக்கம் ஒரு வளைவில் மலையாகவும் அடுத்த கொண்டை ஊசி வளைவு தாண்டினால் பள்ளமாகவும் மாறி மாறி வரும். மலைப்பக்கம் நிறுத்தினால் மலையை நோக்கி ஒடியுங்கள். வண்டி உருண்டால் சக்கரம் வடிகாலில் இறங்கும். பம்பர் போகும், வண்டி மிஞ்சும். பள்ளத்தின் பக்கம் காட்சி பார்க்க நிறுத்துவதை நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம். வேறு வழியில்லை என்றால் பள்ளத்தை விட்டு விலகும் பக்கம் ஒடித்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஓட்டுநர் வண்டியிலேயே இருக்க வேண்டும்.

நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருகாதீர்கள். டயர் தேயும், ஸ்டீயரிங் இணைப்புகளும் சிரமப்படும். வண்டி கடைசி ஓரடி நகரும்போதே ஒடித்துவிடுங்கள். திரும்பி வந்து எடுக்கும்போது சக்கரம் ஒடிந்திருப்பது நினைவிருக்கட்டும். அதை மறந்து வண்டியைக் கிளப்பி, பக்கத்தில் வந்த பைக்கை உரசுவது வழக்கமாக நடப்பது.

கேள்வி: ஹேண்ட் பிரேக் எத்தனை 'க்ளிக்' வரைக்கும் வரலாம்? என் காரில் லீவர் கிட்டத்தட்ட நெட்டாக நிற்கிறது. (ஏற்காடு)

கார் கையேட்டில் உங்கள் மாடலுக்கான எண்ணிக்கை இருக்கும். சிறிய கார்களில் பெரும்பாலும் 4 முதல் 8 க்ளிக்குக்குள் இறுகிவிட வேண்டும். பத்தைத் தாண்டினால் பட்டறைக்குப் போக வேண்டிய நேரம்.

ஆனால் பட்டறையில் என்ன செய்கிறார்கள் என்று நின்று பாருங்கள். லீவருக்குக் கீழே கேபிளை இறுக்கும் நட்டு ஒன்று இருக்கிறது. அதை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு "சரியாகிவிட்டது சார்" என்பார்கள். லீவர் ஐந்து க்ளிக்கில் நிற்கும், நீங்களும் சந்தோஷமாகக் கிளம்புவீர்கள். கோளாறு வேறு இடத்தில் இருந்திருக்கும். பின் சக்கர டிரம்முக்குள் விரிந்து அதை உரசிப் பிடிக்கும் பிரேக் ஷூ தேய்ந்திருக்கலாம்; தேய்மானத்துக்கு ஏற்பத் தானாக இடைவெளியைக் குறைக்கும் அட்ஜஸ்டர் தூசியிலும் துருவிலும் இறுகிப் போயிருக்கலாம். கேபிளை மட்டும் இழுத்துக் கட்டினால் ஷூ எப்போதும் பாதி விரிந்த நிலையிலேயே இருக்கும். அட்ஜஸ்டர் வேலை செய்யாது, ஓடும்போது பிரேக் உரசும், டிரம் சூடேறும், மைலேஜ் குறையும்.

சரியான முறை, டிரம்மைக் கழற்றி, தூசியை நீக்கி, ஷூவின் கனத்தைப் பார்த்து, அட்ஜஸ்டரைச் சுத்தம் செய்து இடைவெளியைச் சரிசெய்வது. கேபிள் நட்டு அதற்குப் பிறகுதான். முடிந்ததும் பின்சக்கரங்களைத் தூக்கி, லீவரை இறக்கிய நிலையில் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். உரசல் இல்லாமல் சுற்ற வேண்டும். இரண்டு மூன்று க்ளிக்கில் பிடிக்கத் தொடங்க வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் அந்தப் பக்கக் கேபிள் உறைக்குள் துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: மலைப்பாதையில் ஏறும்போது பஞ்சர். சரிவிலேயே ஜாக்கி போடலாமா? (சேலம்)

கூடாது. பஞ்சரான டயரோடு இருநூறு முந்நூறு மீட்டர் ஊர்ந்து சமமான இடத்துக்குப் போய்விடுங்கள். டயர் வீணாகலாம், போகட்டும்.

காரணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. இன்றைய சிறிய கார்களில் கியர் தாங்குவது முன் சக்கரங்களை, ஹேண்ட் பிரேக் தாங்குவது பின் சக்கரங்களை. முன் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கிய கணமே டிஃபரன்ஷியல் தன் வேலையைக் காட்டும். தரையில் இருக்கும் சக்கரம் உருள, அந்தரத்தில் இருக்கும் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும். எஞ்சின் அசையாமலே வண்டி நகரும். கியர் போட்டிருந்தும் போடாத மாதிரிதான். பின் சக்கரத்தைத் தூக்கினால் ஹேண்ட் பிரேக்கில் பாதி போய்விடும். வண்டி ஜாக்கியிலிருந்து நழுவ இரண்டு விரற்கடை நகர்ந்தாலே போதும்.

லேசான சரிவை விட்டால் வேறு இடமே இல்லை என்றால், தரையில் நிற்கும் சக்கரங்களுக்குப் பள்ளத்தின் பக்கம் கட்டை கொடுத்து, ஆட்களை இறக்கிய பிறகே ஜாக்கியைத் தொடுங்கள். 'முட்டுக்கட்டை போடாதே' என்று ஊரில் திட்டுவார்கள். காருக்கு அதைவிட நல்ல துணை இல்லை. நாலங்குலச் சதுரக் கட்டையைக் குறுக்கே சாய்வாக அறுத்தால் இரண்டு ஆப்பு கிடைக்கும். டிக்கியில் கிடக்கட்டும். செங்கல் நொறுங்கிவிடும், உருண்டைக் கல் கூடவே உருளும். கிளம்பும்போது கட்டையையோ கல்லையோ சாலையிலேயே விட்டுப் போகாதீர்கள். இருட்டில் வளைவு திரும்பும் பைக்குக்கு அதுவே எமன்.

கேள்வி: புல்வெளியிலும் ஜல்லியிலும் நிறுத்தும்போது சக்கரம் பூட்டியே இருந்தும் கார் சறுக்குகிறதே? (திண்டுக்கல்)

சக்கரம் சுற்றவில்லை, டயருக்குத் தரையில் பிடிமானம் இல்லை. இந்த மாதிரி இடத்தில் மூக்கு மேட்டைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். அப்போது எடை பின் சக்கரங்களின் மேல் சாயும். ஹேண்ட் பிரேக் இருப்பதும் அங்கேதான். பள்ளத்தைப் பார்த்து நிறுத்தினால் பின்புறம் இலகுவாகி, பூட்டிய சக்கரங்கள் ஈரப் புல்லில் பலகை போல வழுக்கும். அப்போது உங்களைக் காப்பது முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ரிவர்ஸ் கியர்தான்.

கேள்வி: என் காரில் பின்னாலும் டிஸ்க் பிரேக். மலையிறங்கி வந்து நிறுத்தினால் ஏதாவது தனிக் கவனம் வேண்டுமா? (மேட்டுப்பாளையம்)

வேண்டும். பிரேக் மிதித்தே இறங்கியிருந்தால் டிஸ்க்கும் அதைக் கவ்விப் பிடிக்கும் பேடும் கொதித்திருக்கும். சூட்டில் விரிந்த நிலையில் ஹேண்ட் பிரேக்கை இழுக்கிறீர்கள். ஆறும்போது இரண்டும் சுருங்கி, பிடி தளரும். போட்டுவிட்டுப் போய் அரைமணி நேரம் கழித்து வண்டி நகர்ந்ததாகச் சொல்லப்படுபவற்றில் இப்படிப்பட்டவையும் உண்டு. லீவரை வழக்கத்தைவிட ஒரு க்ளிக் கூடுதலாக இழுங்கள், கியர் போடுங்கள், பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை இழுத்துப் பாருங்கள். இறங்கும்போது இரண்டாம் கியரில் இறங்கியிருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது.

கேள்வி: ஏ.எம்.டி. (கிளட்ச் மிதி இல்லாமல் கியரைத் தானே மாற்றிக்கொள்ளும்) கார் வாங்கியிருக்கிறோம். மற்ற ஆட்டோமேட்டிக் கார்களில் நிறுத்துவதற்கென்று இருக்கும் 'பி' (பார்க்) இதில் இல்லையே, எப்படி நிறுத்துவது? (உதகை)

ஏ.எம்.டி.யின் உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். மேட்டைப் பார்த்தால் 'டி' (டிரைவ்), பள்ளத்தைப் பார்த்தால் 'ஆர்' (ரிவர்ஸ்). ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கை மிதித்தபடியே எஞ்சினை அணைத்தால் கியர் விழுந்தபடியே நிற்கும். மீட்டரில் கியர் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். 'என்'னில் (நியூட்ரலில்) அணைத்தால் மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் மட்டும். ஏற்றத்தில் பிரேக்கை விட்டதும் ஓரிரு நொடி வண்டியைப் பிடித்துக்கொள்ளும் ஹில் ஹோல்டு வசதி, கிளம்புவதற்காகத் தரப்பட்டது. அதை நம்பி இறங்கிக் கதவைச் சாத்தப் போகாதீர்கள்.