பழைய டாட்டூவின் மேல் புதிய டாட்டூ: பெயர் மறைய வேண்டுமானால் வடிவம் எப்படி அமைய வேண்டும்?

கேள்வி: என் முன்கையின் உட்புறத்தில் ஒருவருடைய பெயரைக் கறுப்பு மையில் பச்சை குத்தி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. எழுத்துகள் தடித்தவை, மொத்த நீளம் சுமார் 8 செ.மீ. இருக்கும். அதன் மேல் வெளிர் இளஞ்சிவப்பில் ஒரு சிறிய பூவைக் குத்திக்கொள்ள விரும்புகிறேன். முதலில் தோல் நிற மையால் பெயரை மறைத்துவிட்டுப் பிறகு பூவைக் குத்தலாம் என்று ஒருவர் சொல்கிறார். இது சரியா? இரண்டு மாதங்களுக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட முடியுமா?

பதில்: நீங்கள் விரும்பும் அளவிலும் நிறத்திலும் பூவைக் குத்தினால் அந்தப் பெயர் மறையாது. தோல் நிற மை பற்றிய யோசனையை முற்றிலும் கைவிட்டுவிடுங்கள். அதே நேரத்தில், பெயரை நன்றாகவே மறைக்க முடியும். அதற்காகப் பூவை விட்டுக்கொடுக்க வேண்டியதும் இல்லை. பூ எங்கே அமர வேண்டும், பெயரின் மேல் எது வர வேண்டும் என்பதைத்தான் மாற்றி யோசிக்க வேண்டும்.

காரணம், மை தங்கும் இடத்தில் இருக்கிறது. டாட்டூ ஊசி மேல்தோலைக் கடந்து, ஏறத்தாழ 1 முதல் 2 மி.மீ. ஆழத்தில் உள்ள உட்தோலில் மையைச் சேர்க்கிறது. மேல்தோலின் செல்கள் ஓயாமல் உதிர்ந்து புதுப்பிக்கப்படுகின்றன. உட்தோலில் சேர்ந்த மைத்துகள்களையோ மேக்ரோஃபேஜ் எனப்படும் நோய் எதிர்ப்புச் செல்கள் விழுங்கி வைத்துக்கொள்கின்றன, அவை இறக்கும்போது வெளிப்படும் துகள்களை அடுத்து வரும் செல்கள் பற்றிக்கொள்கின்றன. டாட்டூ பல்லாண்டுகள் நிலைப்பது இதனால்தான். புதிதாகக் குத்தும் மையும் இதே அடுக்கில் போய்ச் சேர்வதால், சுவரில் பழைய வண்ணத்தை மூடிப் புதிய வண்ணம் பூசுவதைப் போல இதைக் கருத முடியாது. இரண்டு மைகளும் ஒரே இடத்தில் கலந்து நிற்கின்றன. கண்ணுக்குத் தெரிவது அந்தக் கலவை. கறுப்போடு இளஞ்சிவப்பைச் சேர்த்தால் கறுப்பே மேலோங்கும்.

தோல் நிற மையின் சிக்கல் இதைவிடப் பெரியது. அதில் பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெண்ணிறமியும் இரும்பு ஆக்சைடுகளும் சேர்ந்திருக்கும். குத்திய அன்று பெயர் மறைந்ததுபோலத் தோன்றினாலும், புண் ஆறியபின் அந்த இடம் சாம்பல் படர்ந்த திட்டாகத் தெரிவது வழக்கம். வெயில் பட்டால் உங்கள் தோலின் நிறம் மாறும், மையின் நிறம் மாறாது. ஆகையால் திட்டு இன்னும் எடுப்பாகத் தெரியும். பின்னொரு நாள் லேசர் சிகிச்சைக்குப் போனால், இந்த நிறமிகள் லேசர் ஒளி பட்டதும் கருமையாக மாறிவிடக்கூடும். உங்களுக்குக் கடைசி வழியாக எஞ்சியிருக்கும் லேசரையும் கடினமாக்கிவிடும் ஒன்றை முதல் வேலையாகச் செய்துகொள்ள வேண்டாம்.

இனி வடிவத்துக்கு வருவோம். இதில்தான் நிதானம் தேவை. மறைக்கும் வடிவம் பொதுவாகப் பழையதைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு பெரிதாக அமைய வேண்டியிருக்கும். உங்கள் 8 செ.மீ. பெயருக்கு 16 செ.மீ. அளவிலோ அதற்கு மேலோ இடம் ஒதுக்க மனத்தைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். பெயரின் மேல் வரும் பகுதிக்குக் கறுப்பு, கருநீலம், அடர்பச்சை, அடர் ஊதா போன்ற நிறங்களே உதவும். நிறத்துக்கு இணையாக முக்கியமானது, அந்தப் பகுதியின் இழையமைப்பு. எழுத்துகளை நம் கண் உடனே கண்டுபிடிப்பதற்குக் காரணம், அவற்றின் நேர்கோடுகளும் வளைவுகளும் சீரான இடைவெளியும்தான். இலை நரம்புகள், இறகு, செதில், விலங்கின் மயிர் போன்று கோடுகள் பல திசைகளில் ஓடும் வடிவங்கள் அந்த ஒழுங்கைக் கலைத்துவிடுகின்றன. சீரான ஒரே நிறத்தால் நிரப்பிய பகுதியோ மெல்லிய கோட்டோவியமோ மனித முகமோ இந்த வேலைக்குப் பொருந்தாது. பழைய கோடு ஒன்று சற்றே எட்டிப்பார்த்தாலும் அவற்றில் அது பளிச்சென்று தெரிந்துவிடும்.

ஆகவே, பெயரின் மேல் அடர்ந்த இலைக்கொத்து வரட்டும். தடித்த எழுத்துகள் இலைகளின் நிழல் விழும் மடிப்புகளுக்குள் அடங்கட்டும். பூவை அதற்குப் பக்கத்தில், மை படாத வெறுந்தோலில் அமைக்கச் சொல்லுங்கள். அங்கே நீங்கள் ஆசைப்படும் இளஞ்சிவப்பு தடையின்றித் தெரியும். பார்ப்பவரின் கண்ணும் முதலில் அந்தப் பூவிடம் போகும். இலைகளுக்கு அடியில் எதையும் தேடாது. பெயரின் நட்டநடுவில் பூவை வைக்க விரும்புவது இயல்பு என்றாலும், மறைக்க வேண்டிய இடத்துக்கே எல்லாருடைய பார்வையையும் அழைத்துவரும் அமைப்பு அது. மாநிறமோ கருநிறமோ கொண்ட தோலாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். மேல்தோலில் உள்ள மெலனின் என்ற இயற்கை நிறமியின் வழியாகவே மையின் நிறம் தெரிவதால், மிக வெளிரிய சாயலைவிடச் சற்று அடர்ந்த இளஞ்சிவப்பு தெளிவாக நிற்கும்.

இவ்வளவு பெரிய, இவ்வளவு அடர்த்தியான வடிவம் வேண்டாம் என்று தோன்றினால், முதலில் லேசர் சிகிச்சையால் பெயரை மங்கச் செய்வது நல்லது. உங்கள் நிலையில் நான் பரிந்துரைப்பதும் இதைத்தான். டாட்டூவை முழுமையாக நீக்கப் பல அமர்வுகள் தேவைப்படும். மங்கச் செய்வதற்கு மட்டும் என்றால் பெரும்பாலும் சில அமர்வுகளே போதும். அமர்வுகளுக்கு இடையே 6 முதல் 8 வாரங்கள் விட வேண்டும். கறுப்பு மை, லேசருக்கு நன்றாகவே இணங்கும் நிறம். 1064 நானோமீட்டர் அலைநீளத்தில் இயங்கும் என்டி-யாக் லேசரை மெலனின் குறைவாகவே உறிஞ்சுவதால், அடர்நிறத் தோலுக்கு அது ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. எந்தக் கருவி, எவ்வளவு ஆற்றல் என்பதைத் தோல் மருத்துவரே முடிவு செய்யட்டும். அமிலக் களிம்புகள், உப்பால் தேய்ப்பது போன்ற வீட்டு முறைகள் மையைவிட முதலில் தோலைத்தான் கெடுக்கும். அதனால் உண்டாகும் தழும்பின் மேல் எந்தக் கலைஞராலும் நல்ல வேலை செய்ய முடியாது.

அடுத்து, கண்ணை மூடிக்கொண்டு பெயரின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். எழுத்துகள் மேடாகத் தட்டுப்பட்டால் அங்கே தழும்பு இருக்கிறது. மை நிறத்தை மாற்றுமே தவிர மேட்டைச் சமப்படுத்தாது; பக்கவாட்டில் ஒளி விழும்போது எழுத்து தெரியும். கீலாய்டு எனப்படும் புடைத்த தழும்பு வரும் உடல்வாகு என்றால், ஊசியோ லேசரோ படுவதற்கு முன் தோல் மருத்துவரைப் பாருங்கள். பழைய டாட்டூவில் அரிப்போ வீக்கமோ இருந்தாலும், கர்ப்பமாக இருந்தாலும், இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உட்கொண்டாலும், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலும் அப்படியே. மச்சம் இருந்தால் அதைச் சுற்றி இடம் விட்டே குத்த வேண்டும்; மச்சத்தில் ஏற்படும் மாற்றங்கள் தோல் புற்றுநோயின் முதல் அறிகுறியாக இருக்கக்கூடும் என்பதால், அதை மையால் மூடக் கூடாது.

நன்றாக வரையும் கலைஞர்கள் எல்லாருக்கும் இந்த வேலை கைவருவதில்லை. அவர் முன்பு மறைத்துக் கொடுத்த டாட்டூக்களின் படங்களைக் கேளுங்கள். குத்திய அன்றே எடுத்த படத்தை வைத்து முடிவு செய்யாமல், சில மாதங்கள் ஆறியபின் எடுத்ததைப் பாருங்கள். புது மை எல்லாவற்றையும் மூடிவிட்டதுபோல் முதல் நாளில் தோன்றும். பழைய கோடுகள் மீண்டும் தெரிவது ஆறிய பிறகுதான். உங்கள் பெயரின் மேல் ஒளிபுகும் தாளை வைத்துப் படியெடுத்து, அதற்கேற்ப வடிவத்தை வரைபவரைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவருக்கும் புதிய ஊசியை உறை பிரித்துப் பயன்படுத்துகிறாரா என்பதையும் நேரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கால அளவைப் பொறுத்தவரை, லேசர் வழியைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு மாதங்கள் போதவே போதாது. மூன்று அமர்வுகள் தேவைப்பட்டால் அவற்றுக்கே மூன்று, நான்கு மாதங்கள் ஆகும். கடைசி அமர்வுக்குப் பிறகும் தோல் முழுமையாக ஆறிய பின்னரே, அதாவது குறைந்தது 6 முதல் 8 வாரங்கள் கழித்தே, ஊசி பட வேண்டும். லேசர் இல்லாமல் பெரிய வடிவத்தையே குத்திக்கொள்வதானால், முதல் அமர்வை இப்போதே முடிக்கலாம். மேல்புண் ஆற 2 முதல் 4 வாரங்கள் ஆகும். அதுவரை நீச்சலும் நேர்வெயிலும் வேண்டாம், பொருக்கைப் பிய்க்கவும் வேண்டாம். ஆறிய பின் எட்டிப்பார்க்கும் எழுத்துகளை அடைக்க, 6 முதல் 8 வாரங்கள் கழித்து இரண்டாம் அமர்வு பெரும்பாலும் தேவைப்படும் என்பதால், அதற்கான நாளையும் முதல் அமர்வின்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.