படித்துறை யாருக்கு?

கேள்வி: எங்கள் ஊர்க்கூட்டத்தில் 200 வீட்டில் 170 வீடு சேர்ந்து ஒரு முடிவு எடுத்தோம். மேலப் படித்துறையில் கீழத்தெருக்காரர்கள் குளிக்க வேண்டாம், அவர்களுக்குக் கீழே தனித் துறை இருக்கிறது என்று. பெரும்பான்மை முடிவுதானே ஜனநாயகம்? இதைத் தடுக்கச் சட்டத்தில் எங்கே எழுதியிருக்கிறது? போன இதழில் நீங்கள் பாராட்டிய ரொனால்ட் ட்வோர்கின் என்கிற அமெரிக்கச் சட்டத் தத்துவ அறிஞருக்குத் தாமிரபரணிக் கரையில் என்ன வேலை?
(ஒரு வாசகர், அம்பாசமுத்திரம் பக்கம்)

பதில்: எழுதியிருக்கிறது. அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவில், சாதியைக் காட்டி யாரையும் தடுக்கக் கூடாத பொது இடங்களின் வரிசையில் கிணறு, குளம், சாலையோடு படித்துறையும் இருக்கிறது. 170 வீடு இல்லை, 200 வீடும் கை தூக்கினாலும் அது மாறாது.

சரி, எழுதாமல் விட்டிருந்தால்? அங்கேதான் ட்வோர்கின் நமக்கு வேண்டும். அவர் திரும்பத் திரும்ப எடுத்துப் பேசிய வழக்கு ஒன்று உண்டு. 1882-இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு பேரன், தாத்தா உயிலை மாற்றிவிடுவாரோ என்று பயந்து அவருக்கு விஷம் வைத்துவிட்டான். கொலைகாரனுக்குச் சொத்து கிடையாது என்று அன்றைய உயில் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. ஆனாலும் 1889-இல் நீதிமன்றம் சொத்தைக் கொடுக்க மறுத்தது. தான் செய்த குற்றத்தால் ஒருவன் லாபம் அடையக் கூடாது என்பதுதான் காரணம். எழுதிய விதிகளுக்கு அடியில் இப்படிப்பட்ட நெறிகள் ஓடுகின்றன, அவையும் சட்டம்தான் என்றார் ட்வோர்கின். இது அமெரிக்கச் சங்கதி மட்டும் இல்லை. நம் நாட்டு வழக்கு ஒன்றில் 1924-இல், அன்று நமக்கு மேல்முறையீட்டின் கடைசி நீதிமன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலும், கொன்றவருக்குக் கொல்லப்பட்டவரின் சொத்தில் பங்கில்லை என்றே சொன்னது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25-ஆவது பிரிவில் அதை எழுதியே வைத்தார்கள். நெறி முதலில், எழுத்து பிறகு.

இனி உங்கள் 170 வீட்டுக்கு வருகிறேன். தனிமனித உரிமை துருப்புச் சீட்டு மாதிரி என்று 1977-இல் வந்த புத்தகத்தில் ட்வோர்கின் சொன்னார். சாவடியில் சீட்டுப் போடுகிறவர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. எவ்வளவு பெரிய சீட்டு இறங்கினாலும் சின்னத் துருப்பு ஒன்று அதை வெட்டிவிடும். 'ஊருக்கு வசதி', 'நிறையப் பேர் ஆசைப்படுகிறார்கள்' என்பதெல்லாம் பெரிய சீட்டுகள்தான். கொடைக்கு வில்லுப்பாட்டு வைப்பதா கச்சேரி வைப்பதா, வரி எவ்வளவு, வாய்க்காலை எப்போது தூர்வாருவது, இதற்கெல்லாம் தாராளமாகக் கை தூக்குங்கள். ஆனால் ஒருவரை நமக்குச் சமமான மனிதராக மதிப்பதா வேண்டாமா என்று வாக்கெடுக்க எந்த ஊர்க்கூட்டத்துக்கும் அதிகாரம் கிடையாது. எல்லாரையும் சமமாக மதிக்கிறோம் என்ற அடிப்படையில்தான் எண்ணிக்கைக்கே மரியாதை வருகிறது. அந்த அடிப்படையை இடித்துவிட்டால் 170 என்பது வெறும் ஆள்பலம்.

ஆள்பலத்தைப் பற்றி நம் பக்கத்து ஆட்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். கழுகுமலை அன்று திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. தேரோடும் வீதியில் யார் ஊர்வலம் போகலாம் என்ற தகராறில் 1895-இல் அங்கே உயிர்களே போயின. எங்கள் வீதி என்றார்கள் அன்று. எங்கள் துறை என்கிறீர்கள் நீங்கள். பாபநாசத்தில் இறங்கி வருகிற தண்ணீர் அது. உங்கள் துறையைத் தொட்டுவிட்டுத்தான் கீழத்துறைக்கும் போகிறது.

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கூட்டம் நடந்த அன்று கீழத்தெருவிலிருந்து யாராவது வந்து பேசினார்களா, அவர்களுக்கு ஆள் சொல்லி அனுப்பினீர்களா என்று ஒரு வரி இல்லை. அதை எழுதுங்கள். அடுத்த இதழில் அவர்கள் பதிலையும் சேர்த்துப் போடுகிறேன்.