துப்பாக்கி வாங்குவது அவ்வளவு சுலபமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அமெரிக்காவில் எங்கேனும் துப்பாக்கிச் சூடு நடந்தால், 'அங்கே காய்கறி வாங்குவதுபோலத் துப்பாக்கி வாங்கலாம்' என்று தொலைக்காட்சியில் சொல்கிறார்கள். டெக்சஸில் இருக்கும் என் அண்ணன் மகனோ படிவம், சோதனை என்றெல்லாம் சொல்கிறான். எது சரி?
- வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் அண்ணன் மகன் சொல்வதுதான் சரி, அம்மா. உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்கப் போகிறவர் முதலில் 4473 என்ற எண்ணுள்ள மத்திய அரசுப் படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். துப்பாக்கியை உண்மையில் தனக்காகத்தான் வாங்குகிறாரா, ஓராண்டுக்கு மேல் சிறைத் தண்டனை விதிக்கத்தக்க குற்றத்தில் தண்டனை பெற்றவரா, தேடப்படுபவரா, போதைப்பொருள் பழக்கம் உள்ளவரா, மனநல மருத்துவமனையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவரா, குடும்ப வன்முறை வழக்கில் தண்டிக்கப்பட்டவரா என்று அதில் வரிசையாகக் கேட்டிருப்பார்கள். தெரிந்தே பொய் எழுதுவது தனிக் குற்றம். பிறகு கடைக்காரர் அடையாள அட்டையைப் பார்த்து, எஃப்.பி.ஐ. பராமரிக்கும் பதிவேடுகளில் அவர் பெயரைச் சரிபார்க்கச் சொல்வார். 1993-இல் இயற்றப்பட்ட பிரேடி சட்டத்தின் பயனாக 1998 நவம்பர் முதல் இந்த முறை நடைமுறையில் இருக்கிறது. கைத்துப்பாக்கி என்றால், கடையில் வாங்குபவருக்கு 21 வயது நிரம்பியிருக்கவும் வேண்டும்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பெரும்பாலோருக்கு இந்தச் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. டெக்சஸ் போன்ற மாநிலங்களில் காலையில் கடைக்குப் போனவர் மதியத்துக்குள் துப்பாக்கியோடு வீடு திரும்ப முடியும். விரைவாக முடிகிறது என்று செய்தியாளர் சொன்னால் அது உண்மை. சோதனையே கிடையாது என்ற பொருள்படச் சொல்வதுதான் தவறு.

கேள்வி: இணையத்தில் பணம் கட்டினால் துப்பாக்கி வீட்டு வாசலுக்கே வந்துவிடும் என்கிறார்களே?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: ஒரு காலத்தில் அப்படி வந்தது. அதிபர் கென்னடியைச் சுட்ட ஆஸ்வால்ட், பத்திரிகை விளம்பரத்தில் இருந்த கூப்பனைப் பொய்ப் பெயரில் நிரப்பி, 21 டாலர் 45 சென்ட்டுக்கு மணியார்டர் அனுப்பி, அந்தத் துப்பாக்கியைத் தபாலிலேயே வாங்கினான். அந்த வழியை 1968-ஆம் ஆண்டுச் சட்டம் அடைத்தது. இன்று இணையக் கடையில் பணம் கட்டினாலும், துப்பாக்கி வாங்குபவரின் ஊரில் உள்ள உரிமம் பெற்ற வியாபாரியிடம்தான் போய்ச் சேரும். அங்கே அதே படிவம், அதே சோதனை. அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு 2017-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அதன் அதிகாரிகள் வாங்கத் தகுதியற்றவர்களாக நடித்து, வழக்கமான இணையதளங்களில் தனியாரிடம் 72 முறை முயன்றும் ஒரு துப்பாக்கிகூட வாங்க முடியவில்லை. மறைவான இருண்ட வலைத்தளத்தில் மட்டும் ஏழு முயற்சிகளில் இரண்டு பலித்தன. இந்த இரண்டாவது செய்தியையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

கேள்வி: நாற்பது சதவீத விற்பனை சோதனையின்றி நடப்பதாகப் படித்தேன். நம்பலாமா?
- வாசகர், சேலம்

பதில்: நம்ப வேண்டாம். அந்த எண் 1994-இல் தொலைபேசி வழியே நடந்த ஒரு கணக்கெடுப்பிலிருந்து வந்தது. அதில் துப்பாக்கி பெற்ற விதம் குறித்துப் பதில் சொன்னவர்கள் ஏறக்குறைய 250 பேர்தான். அவர்களில் சிலர் பிரேடி சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே வாங்கியவர்கள். பரிசாகவும் வாரிசுரிமையாகவும் வந்தவையும் அந்தக் கணக்கில் சேர்ந்திருந்தன. இருபதாண்டுகள் கழித்தும் அரசியல் தலைவர்கள் அதை மேற்கோள் காட்ட, பத்திரிகைகளும் மூலத்தைத் தேடிப் பார்க்காமல் அச்சிட்டன. 2017-இல் வெளியான ஆய்வு, அண்மை இரண்டாண்டுகளில் துப்பாக்கி பெற்றவர்களில் 22 சதவீதத்தினர் சோதனையின்றிப் பெற்றதாகக் கண்டது. ஐந்தில் ஒருவருக்கும் மேல் என்பதே கவலைப்பட வேண்டிய அளவுதான். அதை இரட்டிப்பாக்கிச் சொல்வதால் உண்மையான கவலைக்கும் மதிப்புக் குறைகிறது.

உண்மையான ஓட்டைகள் வேறு இடங்களில் இருக்கின்றன. ஒரே மாநிலத்தைச் சேர்ந்த, வியாபாரிகள் அல்லாத இருவர் தங்களுக்குள் துப்பாக்கியை விற்று வாங்கினால், மத்தியச் சட்டம் சோதனை எதையும் கேட்பதில்லை. சில மாநிலங்கள் மட்டுமே தாமாக அதைக் கட்டாயமாக்கியுள்ளன. இன்னொன்று, மூன்று வேலை நாட்களுக்குள் எஃப்.பி.ஐ.யிடமிருந்து பதில் வராவிட்டால் கடைக்காரர் விற்றுவிடலாம் என்ற விதி. 2015-இல் தெற்குக் கரோலினாவில் ஓர் இளைஞன் துப்பாக்கி வாங்க வந்தபோது, அவன்மீதிருந்த போதைப்பொருள் வழக்கின் விவரம் எந்தக் காவல் துறையிடம் இருக்கிறது என்பது பதிவேட்டில் பிழையாக இருந்ததால், சோதித்த அலுவலருக்கு அது உரிய நேரத்தில் கிடைக்கவில்லை. மூன்று நாட்கள் கழிந்தன. கடைக்காரர் சட்டப்படியே விற்றார். அந்த ஜூன் மாதம் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் வேதபாடத்துக்கு வந்திருந்த ஒன்பது பேரை அவன் சுட்டுக் கொன்றான். விற்பனை நடந்திருக்கக் கூடாது என்று அப்போதைய எஃப்.பி.ஐ. இயக்குநர் ஜேம்ஸ் கோமி அடுத்த மாதம் ஒப்புக்கொண்டார். அந்த மூன்று நாள் விதி இன்றும் பெரிதாக மாறவில்லை.